நோம்பிக்கு மறுநாள் என்ன செய்வது?

உடம்பைக் குறைக்கோணும் என்று முடிவெடுத்தவர்கள் இப்போது எல்லா ஊரிலும் இருக்கிறார்கள். சர்க்கரை வந்தபிறகு டாக்டர் சொல்லிக் குறைப்பவர்கள் சிலர், முழங்கால் வலி தாங்காமல் குறைப்பவர்கள் சிலர். பட்டணத்துக்காரர்களின் கவலை என்று நாம் நினைத்துக்கொண்டிருந்த இந்த வேலை தோட்டத்துக்குள்ளும் வந்துவிட்டது. ஆரம்பிப்பதில் நம் ஆட்கள் கெட்டிக்காரர்கள். ராத்திரிச் சோற்றை நிறுத்துவார்கள், டீக்குச் சர்க்கரை வேண்டாம் என்பார்கள், விடியற்காலையில் வரப்பைச் சுற்றி நடப்பார்கள். ரெண்டு மாசத்தில் மூணு நாலு கிலோ குறையவும் செய்யும்.

அப்புறம் நோம்பி வரும். கெடா வெட்டு, பங்காளி வீட்டுக் கல்யாணம், தீபாவளி என்று ஏதாவது ஒன்று வரும். ஒப்புட்டில் நெய்யை ஊற்றி ஊற்றி வைப்பார்கள். கறிக்குழம்புக்குச் சோறு ரெண்டு தரம் போகும். மறுநாள் காலையில் எடை மெஷினில் ஏறினால் ஒன்றரைக் கிலோ கூடியிருக்கும். அந்த இடத்தில்தான் பெரும்பாலோர் தோற்கிறார்கள் என்பது நான் பார்த்தவரையில் வந்த முடிவு. தோல்வி அந்த இலையில் நடக்கவில்லை. மறுநாள் காலையில் மெஷின் மேல் நின்றுகொண்டு எடுக்கிற முடிவில் நடக்கிறது.

முடிவு ரெண்டு விதமாக இருக்கும். பக்கத்துத் தோட்டத்து அண்ணன் ஒருவர் சொன்னது இது: "ரெண்டு மாசம் பட்ட பாடெல்லாம் ஒரே நாள்ல போச்சுதுங்க. இனி பொங்கல் கழிச்சுப் பாத்துக்கலாம்." அன்றைக்கே மிச்சக் கறிக்குழம்பை ஊற்றிக்கொண்டு உட்கார்ந்துவிட்டார். இன்னொரு விதம் நேர்மாறானது. தின்றதற்குத் தண்டனை என்று ரெண்டு நாள் எலுமிச்சைத் தண்ணீரைக் குடித்துக்கொண்டு கிடப்பார்கள். மூணாம் நாள் சாயங்காலம் பஜ்ஜிக் கடையைக் கண்டதும் கட்டு அறுந்துவிடும். ரெண்டு பேரும் வந்து சேருவது ஒரே பள்ளத்தில்தான்.

இதைச் சின்ன விஷயம் என்று தள்ள முடியாது. நம் நாட்டில் 10.1 கோடிப் பேருக்குச் சர்க்கரை நோய் இருக்கிறது, இன்னும் 13.6 கோடிப் பேர் அதன் வாசற்படியில் நிற்கிறார்கள் என்று இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் ஆய்வு 2023இல் சொன்னது. வாசற்படியில் நிற்பவருக்கு எடை குறைப்பது பெரிய மருந்து. அமெரிக்காவில் நடந்து 2002இல் வெளியான ஓர் ஆய்வில், உடம்பெடையில் 7 சதவீதம் குறைக்க வேண்டும், வாரத்துக்கு 150 நிமிடம் நடக்க வேண்டும் என்று பழக்கப்படுத்தப்பட்டவர்களுக்குச் சர்க்கரை நோய் வருவது 58 சதவீதம் குறைந்தது. 80 கிலோ இருப்பவருக்கு அது ஐந்தரைக் கிலோ. அந்த ஐந்தரைக் கிலோவுக்குப் போகிற வழியில் எத்தனையோ நோம்பி வரும். ஒவ்வொன்றிலும் வண்டியை விட்டு இறங்கிவிட்டால் ஊர் போய்ச் சேருவது எப்படி?

எடை மெஷின் காட்டும் ஒன்றரைக் கிலோ

முதலில் கணக்கைப் பார்த்துவிடலாம். உடம்பில் ஒரு கிலோ கொழுப்பு சேர வேண்டுமானால், தேவைக்கு மேல் ஏறத்தாழ 7,700 கலோரி தின்றிருக்க வேண்டும். ஓரளவு வேலை செய்கிற ஆளுக்கு ஒரு நாளைக்கு 2,000 முதல் 2,500 கலோரி தேவைப்படும். நோம்பியன்று அவர் 4,000 கலோரி தின்றுவிட்டார் என்றே வைத்துக்கொள்வோம். கூடுதல் 2,000 கலோரி. அது அத்தனையும் கொழுப்பாக மாறினாலும் கால் கிலோதான் வரும். ஒன்றரைக் கிலோவுக்கு வழியே இல்லை.

அப்படியானால் மெஷின் காட்டுவது என்ன? குழம்பிலும் ஊறுகாயிலும் அப்பளத்திலும் போன உப்பு தண்ணீரைப் பிடித்து வைத்திருக்கும். அது ஒன்று. சோறும் ஒப்புட்டும் மாவுச்சத்து. உடம்பு அதில் ஒரு பகுதியைக் கல்லீரலிலும் தசையிலும் சேமித்து வைக்கிறது. அப்படிச் சேமிக்கிற ஒவ்வொரு கிராமோடும் சுமார் 3 கிராம் தண்ணீரும் சேர்ந்து உட்காரும். ரெண்டு மாசம் அளவாகச் சாப்பிட்டவருக்கு இந்தக் குதிர் பாதி காலியாக இருந்திருக்கும். ஒரே நாளில் நிரம்பிவிட்டது. அது ரெண்டாவது. தின்றதில் ஒரு பங்கு இன்னும் குடலில்தான் இருக்கிறது. அது மூணாவது. வழக்கமான சாப்பாட்டுக்குத் திரும்பினால் மூணு நாலு நாளில் இதில் பெரும்பகுதி தானாக இறங்கிவிடும்.

நம் ஆட்களுக்கு இது புரியாத சங்கதி அல்ல. பிடுங்கின அன்றைக்கே ஈரக் கடலைக்காயை மூட்டை பிடித்து எடை போட்டால் எந்த வியாபாரியாவது ஒத்துக்குவாரா? "காய வைத்துக் கொண்டாங்க" என்பார். நோம்பிக்கு மறுநாள் மெஷின் காட்டுவதும் ஈரக் கடலைக்காய் எடைதான். அதனால் விருந்து முடிந்து நாலு நாளைக்கு மெஷின் பக்கமே போக வேண்டாம் என்பேன். வாரத்துக்கு ஒரு நாள், அதே கிழமையில், காலைக்கடன் முடித்து வெறும் வயிற்றில் பார்த்தால் போதும். மாசத்துக்கு ஒரு தரம் இடுப்பை நாடா வைத்து அளப்பது இன்னும் நல்லது. நம் நாட்டவருக்கு ஆண் என்றால் 90 சென்டிமீட்டர், பெண் என்றால் 80 சென்டிமீட்டர் எல்லை. அந்த அளவு ஒரு நாள் கறிச்சோற்றுக்குத் தாவாது.

'போச்சு' என்கிற எண்ணம்

கால் கிலோவைக் கரைத்துவிடலாம். 'போச்சு' என்கிற எண்ணம்தான் கரையாமல் நிற்கிறது. இதை ஆராய்ந்து பார்த்தவர்கள் இருக்கிறார்கள். 1975இல் ஹெர்மன், மாக் என்ற இரண்டு ஆய்வாளர்கள் ஒரு சோதனையை வெளியிட்டார்கள். சிலருக்கு முதலில் மில்க் ஷேக் கொடுத்தார்கள், சிலருக்குக் கொடுக்கவில்லை. பிறகு எல்லாருக்கும் ஐஸ்கிரீமை வைத்து, வேண்டுமளவு எடுத்துக்கொள்ளுங்கள் என்று விட்டார்கள். சாதாரணமாகச் சாப்பிடுகிறவர்கள் மில்க் ஷேக் குடித்திருந்தால் ஐஸ்கிரீமைக் குறைவாகத் தின்றார்கள். வயிறு நிறைந்துவிட்டது, அவ்வளவுதான். எப்போதும் சாப்பாட்டைக் கட்டுப்படுத்திக்கொண்டே இருக்கிறவர்கள் மில்க் ஷேக் குடித்தபிறகு ஐஸ்கிரீமை அதிகமாகத் தின்றார்கள். 'கட்டுப்பாடு உடைஞ்சாச்சு, இனி என்ன' என்கிற கணக்கு. பசி அங்கே பேசவில்லை, மனசுதான் பேசியது.

இன்னொரு ஆய்வு 2000இல் அமெரிக்க மருத்துவ இதழில் வந்தது. அங்கே கிறிஸ்துமஸை ஒட்டிய விருந்துக் காலத்தில் சராசரியாக 0.37 கிலோதான் கூடியது. அரைக் கிலோ கூட இல்லை. ஆனால் அந்தக் கொஞ்சம் அடுத்து வந்த மாதங்களில் திரும்ப இறங்கவில்லை. வருசா வருசம் அப்படியே ஏறிக்கொண்டு போனால் இருபது வருசத்தில் எங்கே போய் நிற்கும் என்று நீங்களே போட்டுப் பாருங்கள்.

நம் வருசத்தையும் ஒரு தரம் எண்ணிப் பார்க்கலாம். பொங்கல், மாரியம்மன் நோம்பி, ஆடிப் பதினெட்டு, தீபாவளி, கல்யாணம், சீர், காதுகுத்து, புரட்டாசி முடிந்ததும் வருகிற கறிநாள் எல்லாம் சேர்த்து முப்பது நாள் என்று வைப்போம். 365இல் முப்பது போனால் மிச்சம் 335. உடம்பு குறைய அது தாராளமாகப் போதும். அந்த முப்பதும் ஒவ்வொன்றும் மறுநாள், அதற்கு மறுநாள் என்று இழுத்து மூணு நாளானால் தொண்ணூறு. வருசத்தில் கால்வாசி விருந்தாகிவிடும். ஆக, விருந்தை நிறுத்தச் சொல்ல வேண்டிய அவசியமில்லை. அதற்கு அடுத்து வருகிற ரெண்டு நாளை மீட்டால் போதும்.

இங்கிலாந்தில் லண்டன் பல்கலைக்கழகக் கல்லூரியைச் சேர்ந்தவர்கள் 2010இல் வெளியிட்ட ஆய்வு ஒன்று இதற்குத் தெம்பு கொடுக்கிறது. 96 பேர் புதிதாக ஒரு பழக்கத்தைத் தினமும் செய்து வந்தார்கள். அது தானாக நடக்கிற அளவுக்குப் படிய நடுவில் 66 நாள் ஆனது. சிலருக்கு மிகக் குறைவாகவும் சிலருக்கு இன்னும் அதிகமாகவும் ஆனது. இடையில் ஒரு நாள் விட்டுப்போனது பழக்கம் படிவதைப் பெரிதாகப் பாதிக்கவில்லை. ஒரு நாள் விட்டால் முதலிலிருந்து எண்ண வேண்டியதில்லை.

கட்டுத்தரையில் நாம் செய்வது

மாட்டுப் பொங்கலன்று ஆசையாக மாட்டுக்குப் பொங்கல் சோற்றையும் பழத்தையும் வெல்லத்தையும் அள்ளி அள்ளிக் கொடுக்கிற வீடுகள் உண்டு. மறுநாள் மாடு அசை போடாது, தீனி எடுக்காது, வயிறு உப்பி நிற்கும். மாவுச்சத்து அளவுக்கு மேல் போனதால் வயிற்றில் அமிலம் கூடிவிட்டது. ஒவ்வொரு பொங்கலுக்கும் கால்நடை மருத்துவர்கள் எச்சரிக்கிற விஷயம்தான் இது.

அப்போது நாம் என்ன செய்கிறோம்? "கெட்டது கெட்டுப்போச்சு, இன்னும் ரெண்டு அண்டா பொங்கல் வைக்கலாம்" என்று யாராவது சொல்வோமா? "தின்னதுக்கு ஒரு வாரம் பட்டினி கிட" என்று மாட்டைக் கட்டிப் போடுவோமா? சோற்றையும் மாவையும் நிறுத்துகிறோம். மருத்துவரைக் கூப்பிடுகிறோம். அவர் சொல்கிற அளவில் சமையல் சோடா கரைத்துக் கொடுக்கிறோம். வைக்கோலும் தண்ணீரும் காட்டி, அசை போட ஆரம்பித்ததும் வழக்கமான தீனிக்குக் கொண்டுவருகிறோம். மாட்டைத் திட்டுவதில்லை. அதற்கு முன்னால் நாலு மாசம் நல்ல தீனி போட்டதெல்லாம் வீண் என்று அழுவதுமில்லை.

மாட்டுக்குக் காட்டுகிற இந்த நிதானத்தை நம் உடம்புக்குக் காட்ட மாட்டேன் என்கிறோம்.

மருந்தடித்தவரும் இதைத்தான் சொன்னார்

இதே எண்ணத்தை நம் இயக்கத்துக்காரர்கள் வேறொரு இடத்தில் நன்றாக அறிவார்கள். ஒருவர் மூணு வருசமாக ரசாயனம் இல்லாமல் பண்ணையம் செய்வார். நாலாவது வருசம் புகையான் அடித்து வயல் வட்ட வட்டமாகக் காயும்போது பயத்தில் ஒரு தரம் மருந்தடித்துவிடுவார். அதோடு வெட்கப்பட்டுக்கொண்டு கூட்டத்துக்கு வர மாட்டார். அடுத்த போகத்துக்கு யூரியா மூட்டை இறங்கிவிடும். "ஒருக்கா அடிச்சாச்சு, இனி என்னத்துக்குங்க இயற்கைன்னு சொல்லிக்கிட்டு" என்பார். அந்த ஒரு தெளிப்பினால் வந்த கேட்டைவிட, அவர் நம்மை விட்டுப் போனதால் வந்த கேடு பெரிது.

ஒரு வித்தியாசத்தையும் சொல்ல வேண்டும். சான்றிதழ் வேலையில், ஓராண்டுப் பயிருக்கு ரெண்டு வருசம், மரப்பயிருக்கு மூணு வருசம் என்று மாற்றுக்காலம் உண்டு. தடை செய்த பொருளைப் போட்டுவிட்டால் அந்தக் காலத்தை முதலிலிருந்து ஆரம்பிக்க வேண்டி வரலாம். வாங்குகிறவருக்குக் கொடுத்த வாக்கு அது, அப்படி இருப்பதுதான் நியாயம். உடம்புக்கு அப்படி ஒரு சான்றிதழ் அலுவலகம் கிடையாது. ஒரு வேளை அதிகமாகத் தின்றதால் குறைந்த நாலு கிலோவும் ரத்தாகிவிடாது. நிலத்தில் மூணு வருசம் போட்ட தொழுவுரமும் மூடாக்கும் சேர்த்த மக்கும் கூட ஒரு நாளில் காணாமல் போவதில்லை. திரும்பி வராமல் இருந்தால்தான் போகும்.

நம் ஆட்களுக்குக் கொஞ்சம் கசப்பாக இருக்கலாம்

இயற்கை உணவு என்றால் எவ்வளவும் சாப்பிடலாம் என்று ஒரு நினைப்பு நமக்குள் ஊறிக் கிடக்கிறது. "தினைப் பாயசம்தானுங்க, நாட்டுச்சர்க்கரைதானுங்க, இன்னொரு டம்ளர் குடிங்க" என்று நம் விழாக்களிலேயே ஊற்றுகிறோம். நூறு கிராம் அரிசியில் சுமார் 350 கலோரி என்றால் கம்பிலும் தினையிலும் ராகியிலும் கூட ஏறத்தாழ அவ்வளவுதான் இருக்கிறது. வெள்ளைச் சர்க்கரையில் 400 என்றால் நாட்டுச்சர்க்கரையில் அதற்குப் பக்கம்தான். செக்கில் ஆட்டினாலும் ஆலையில் ஆட்டினாலும் எண்ணெய் நூறு கிராமுக்கு 900 கலோரி.

சிறுதானியத்தில் நார்ச்சத்து அதிகம், கொஞ்சம் சாப்பிட்டாலே வயிறு நிறைந்துவிடும். கைக்குத்தல் அரிசியை மென்று தின்ன நேரமாகும், அதனால் தின்கிற அளவும் குறையும். மண்ணுக்கும் விதைக்கும் அது செய்கிற நன்மை தனி. இதெல்லாம் உண்மை. ஆனால் நஞ்சில்லாமல் விளைந்தது என்பது நல்ல உணவுக்கு ஒரு தகுதி, அளவு என்பது இன்னொரு தகுதி. ஒன்று இருப்பதால் மற்றது தேவையில்லை என்றாகிவிடாது. திருக்குறளில் மருந்து என்றே பெயர் வைத்த அதிகாரத்தில், எதைத் தின்பது என்பதைவிட, முன்பு தின்றது செரித்ததா, இப்போது எவ்வளவு தின்பது என்பதைப் பற்றித்தான் வள்ளுவர் அதிகம் பேசுகிறார்.

"எங்க அப்புச்சி ஒரு வட்டில் களி திங்கும், ஒரு நோயும் வரலை" என்பார்கள். சரிதான். அப்புச்சி என்ன செய்தார் என்பதையும் பார்க்கணும். நாட்டுக் கலப்பையின் சால் அரையடி அகலம் என்று வைத்தால், ஒரு ஏக்கரை ஒரு சால் உழ மாட்டின் பின்னால் 26 கிலோமீட்டருக்கு மேல் நடக்க வேண்டும். அவர் அதை ரெண்டு மூணு நாளில் நடந்து முடித்தார். அப்புறம் குறுக்குச் சால் ஓட்டினார். நாம் டிராக்டரை அனுப்பிவிட்டு வரப்பில் நின்று பார்க்கிறோம். சுவிட்சைத் தட்டினால் சொட்டுநீர் போகிறது. களி அதே களி, வட்டிலும் அதே வட்டில். நடைதான் காணோம்.

சரி, மறுநாள் என்ன செய்வது?

முதல் வேலை மிச்சத்தை வீட்டை விட்டு அனுப்புவது. கெடா வெட்டின மறுநாள் குழம்புச் சட்டியும், கல்யாணம் முடிந்த மறுவாரம் லட்டு டின்னும், தீபாவளி முடிந்தும் பத்து நாளைக்குக் கச்சாயமும் வீட்டில் உட்கார்ந்திருக்கும். அன்றைக்கே பக்கத்து வீட்டுக்கும் வேலைக்கு வருகிறவர்களுக்கும் நல்லதாகவே பங்கு போட்டுக் கொடுத்துவிடலாம். கெட்டுப்போனது எருக்குழிக்குப் போகட்டும். இதில் நம் வீட்டுப் பெண்கள் படுகிற பாடு தனி. எல்லாரும் தின்று முடித்தபிறகு, வீணாகக் கூடாதே என்று மிச்சத்தைத் தன் வயிற்றில் போட்டுக்கொள்கிறவர் அவர்தான். அப்புறம் "நீ எதுக்கு இப்படிப் பெருக்கறே" என்று கேட்பதும் நாம்தான். எருக்குழி வெளியில் இருக்கிறது. அம்மாவின் வயிறு அதற்கல்ல.

ரெண்டாவது, அடுத்த வேளைச் சாப்பாடு வழக்கமானதாக இருக்கட்டும். காலையில் பசிக்கவில்லை என்றால் பசிக்கிறவரைக்கும் காத்திருக்கலாம், தப்பில்லை. லங்கணம் என்று பெரியவர்கள் சொன்னதும் பசியறிந்து வயிற்றுக்கு ஓய்வு கொடுப்பதைத்தான். தண்டனையாகப் பட்டினி கிடப்பது வேறு, அது அடுத்த பெருந்தீனிக்கு அச்சாரம். இன்சுலின் போடுகிறவர்களும், சர்க்கரை மாத்திரை சாப்பிடுகிறவர்களும் டாக்டரைக் கேட்காமல் ஒரு வேளையைக் கூட விடக் கூடாது. சில மாத்திரைகளோடு பட்டினி சேர்ந்தால் சர்க்கரை சரேலென இறங்கி மயக்கம் போட்டுவிடும்.

பசித்ததும், கொள்ளு ரசமோ கீரைக்கடைசலோ பாசிப்பயறோ வைத்து, சோற்றை வழக்கமான அளவில் போட்டுக்கொள்ளலாம். மோர் குடிக்கலாம். தண்ணீர் தாராளமாகக் குடிக்கலாம். கூடுதல் உப்பும் அதோடு இறங்கும்.

மூணாவது, நடை. தின்றதை எரிக்கிறேன் என்று வெறிகொண்டு நடக்க வேண்டாம். ஒரு மணி நேர நடைக்கு ஆளின் எடையைப் பொறுத்து 200, 250 கலோரிதான் செலவாகும். ஒரு பெரிய லட்டுக்கே அது சரியாகப் போய்விடும். எரிப்பதற்கு இல்லாவிட்டாலும் நடை வேண்டும். சாப்பிட்டபின் கால் மணி நேரம் நடந்தால் ரத்தத்தில் சர்க்கரை ஏறுவது குறையும். "நான் விட்டுவிடவில்லை" என்று உடம்புக்கும் மனசுக்கும் அது சொல்லும். வழக்கமாக எவ்வளவு நடப்போமோ அவ்வளவு போதும். அன்று ராத்திரி நேரத்தில் படுத்துவிட வேண்டும். தூக்கம் கெட்டால் மறுநாள் பசி அதிகமாகும்.

நாலாவது, வீட்டில் யாரும் குத்திக் காட்டக் கூடாது. "நேத்து அந்தத் தீனி தின்னீங்களே, இன்னைக்கு என்ன வேசம்" என்று ஒரு சொல் விழுந்தால் போதும், ஆள் விட்டுவிடுவார்.

இன்னொன்றையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். நோம்பி இல்லாத நாளிலும், யாருக்கும் தெரியாமல், நிறுத்த முடியாமல் அடிக்கடி அளவுக்கு மீறித் தின்றுவிட்டு மருகுகிறவர்கள் உண்டு. அது வெறும் நாக்கு ருசி இல்லை, வைத்தியம் உள்ள நோய். வெட்கப்படாமல் மருத்துவரிடம் போக வேண்டும்.

இயக்கத்துக்கு ஒரு கோரிக்கை

விருந்தைப் பார்த்துப் பயப்படுகிற சமூகமாக நாம் ஆகிவிடக் கூடாது. பாரம்பரிய நெல்லை மீட்கிறோம் என்றால் அந்த அரிசியில் செய்கிற பலகாரத்தையும் சேர்த்துத்தான் மீட்கிறோம். நோம்பியன்று ஒப்புட்டு தின்னத்தான் வேண்டும். அதை ருசித்துத் தின்றுவிட்டு மறுநாள் களிக்கும் மோருக்கும் திரும்புகிற பழக்கம்தான் நமக்கு வேண்டும். விருந்தும் மருந்தும் மூணு நாள் என்று சொன்னவர்கள் விருந்துக்கு ஒரு முடிவு நாளையும் சேர்த்தே சொன்னார்கள்.

நம் கூட்டங்களில் மதியச் சாப்பாட்டில் ஒரு மாற்றம் செய்து பார்க்கலாம் என்று கேட்டுக்கொள்கிறேன். இலையில் ஒரு தரம் பரிமாறுவோம். வேண்டும் என்றவர் கேட்டு வாங்கிக்கொள்ளட்டும். போதும் என்று கை காட்டினவருக்கு "இன்னொரு கரண்டிங்க" என்று வற்புறுத்தி ஊற்ற வேண்டாம். சர்க்கரை நோய் உள்ள நம் உறுப்பினர்கள் தாங்கள் எப்படிச் சமாளிக்கிறார்கள் என்று பேச ஒரு கால் மணி நேரம் ஒதுக்குவோம். மருந்தடித்துவிட்டுக் கூட்டத்துக்கு வராமல் இருக்கிறவர் வீட்டுக்கு ஒரு நடை போய், "அடுத்த போகத்துக்கு விதை இருக்குது, வாங்க" என்று சொல்லிவிட்டு வருவோம். நோம்பிக்கு மறுநாள் மெஷின் மேல் நின்று முகம் வாடுகிறவருக்கும் அதே மாதிரி ஒரு வார்த்தை போதும்.